இத்தாலியக் காமெடியில் ஏன் எப்போதும் ஒருவனுக்குப் பசிக்கிறது?

"பழைய இத்தாலியக் காமெடிப் படங்கள் இரண்டு பார்த்தேன்: 'லா கிராந்தே குவேரா', 'இல் சொர்பாசோ'. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போனால் கடைசியில் முக்கியமான ஆட்கள் செத்துப்போகிறார்கள். இதை எப்படிக் காமெடி என்கிறார்கள்? நாடகம், கவிதை என்று இதற்குப் பின்னால் மரபு ஏதாவது இருக்கிறதா? எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். படங்களின் முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது, அதனால் இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் கவனம்.

மரபு நன்றாகவே இருக்கிறது. வழக்கமாக இதைச் சொல்ல வருபவர்கள் முகமூடி, மேடை வேலைக்காரன் அர்லெக்கினோவின் கட்டம் போட்ட சட்டை என்று ஆரம்பிப்பார்கள். நான் சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். இத்தாலிய நகைச்சுவையில் நாடகம், கவிதை, சினிமா எதை எடுத்தாலும் நடுவில் வயிறு காய்ந்த ஒருவன் நிற்கிறான். பணக்காரனை ஏமாற்றுவது, பொய் சொல்வது, வேடம் போடுவது எல்லாம் அந்த வயிற்றுக்காகத்தான். பசி அவ்வளவு நிஜமாக இருக்கிற இடத்தில் சாவும் பக்கத்திலேயே இருக்கும். அதை மறைத்துவிட்டுச் சிரிக்கவைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போவோம். அரண்மனைகளில் அப்போது படித்தவர்களின் நகைச்சுவை நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அரியோஸ்தோ 1508இல் ஃபெராராவில் ஒன்று போட்டார், பிப்பியேனா 1513இல் உர்பீனோவில் ஒன்று போட்டார், அரசியல் நூலால் நமக்குத் தெரிந்த மாக்கியவெல்லி 'மந்த்ராகோலா' எழுதினார். பழைய லத்தீன் நாடகங்களின் அச்சில் வார்த்தவை. 'மந்த்ராகோலா' மட்டும் இன்றைக்கும் கூர்மை குறையாமல் இருக்கிறது. ஆனால் நம் கதை தொடங்குவது பதுவை நகரத்தில். பதுவை அந்தோணியார் என்று நம் ஊர்க் கோயில்களில் கேட்டிருப்பீர்களே, அதே பதுவை.

அங்கே ஆஞ்சலோ பெயோல்கோ என்றொரு நாடகக்காரர். ருசாந்தே என்ற குடியானவன் பாத்திரத்தை எழுதி, தானே நடித்து, கடைசியில் அந்தப் பெயராலேயே அறியப்பட்டார். பேசியது இலக்கிய இத்தாலியன் இல்லை. பதுவைச் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களின் கொச்சை. ஒரு குறுநாடகத்தில் ருசாந்தே போர்முனையிலிருந்து கந்தலும் சிரங்குமாக வெனிஸுக்குத் திரும்பி வருகிறான். வந்து பார்த்தால் மனைவி வேறொரு முரடனோடு இருக்கிறாள். "உன்னோடு வந்தால் சாப்பாடு போடுவாயா?" என்பதுதான் அவள் கேட்கும் கேள்வி, காதல் பற்றியெல்லாம் பேச அவளுக்கு நேரமில்லை. முரடன் வந்து ருசாந்தேயை அடித்துப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான். எழுந்து உட்கார்ந்த ருசாந்தே நண்பனிடம் சொல்கிறான்: நூறு பேர் வந்து அடித்தார்கள். நண்பனோ ஒரே ஒருவன்தான் வந்தான் என்கிறான். அப்புறம் ருசாந்தே சிரிக்க ஆரம்பிக்கிறான். அந்த இடத்தில் பார்ப்பவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியாது. உங்கள் இரண்டு படங்களின் முடிவிலும் உங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

1528-29இல் அந்தப் பகுதியில் கடும் பஞ்சம். அந்தச் சமயத்தில் ருசாந்தே எழுதிய ஒரு உரையாடல் நாடகத்தில் மெனேகோ என்ற குடியானவன் தற்கொலை செய்துகொள்ள முடிவெடுக்கிறான். எப்படிச் சாவது? தன்னைத் தானே தின்றுவிட வேண்டியதுதான். அப்படிச் செத்தால் பஞ்சத்தின் மூஞ்சியில் கரிபூசியது போலவும் ஆகும், வயிறு நிறைந்து செத்தது போலவும் ஆகும் என்பது அவன் கணக்கு. இதை முதலில் பார்த்தவர்கள் வேட்டைக்கு வந்திருந்த பெரிய மனிதர்கள். ருசாந்தேயின் புரவலர் அல்வீசே கொர்னாரோ பெரும் நிலக்கிழார். தன் வீட்டு முற்றத்திலேயே நாடகம் போடத் தோதாக மண்டபம் கட்டிவைத்திருந்தவர். அந்த மனிதர் முதுமையில் ஒரு நூல் எழுதிப் புகழ்பெற்றார். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? அளவாகச் சாப்பிட்டு நீண்ட நாள் வாழ்வது எப்படி என்பதைப் பற்றி.

ருசாந்தே 1542இல் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1545 பிப்ரவரி 25 அன்று, அதே பதுவையில் எட்டு ஆண்கள் ஒரு நோட்டரி முன்னால் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டுப் பிழைக்கும் தொழில்முறைக் குழு ஒன்றுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒப்பந்தம் அது. கலை பற்றி அதில் பேச்சே இல்லை. சாமான் தூக்கப் பொதுச்செலவில் ஒரு குதிரை வாங்க வேண்டும். வசூல் பெட்டிக்கு மூன்று சாவி, மூன்று பேரிடம். யாராவது படுத்துவிட்டால் பொதுப்பணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்களுக்குள் சீட்டாடக் கூடாது. ஆடினால் தின்பண்டம் மட்டும் வைத்து ஆடலாம். அந்தக் கடைசி விதியைப் படிக்கும்போது அந்த எட்டுப் பேரின் முகமும் தெரிகிற மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்ட குழுக்கள் வளர்த்ததுதான் பிற்பாடு 'கொம்மேதியா தெல் ஆர்தே' என்று பெயர் பெற்ற முகமூடி நாடகம். எழுதிய வசனம் கிடையாது. கதையின் போக்கு மட்டும் ஒரு தாளில் எழுதி மேடைக்குப் பின்னால் தொங்கும். மற்றது நடிகர் பாடு. ஆட்கள் மட்டும் மாறுவதில்லை: வெனிஸ் நகரத்துக் கஞ்ச வியாபாரி பந்தலோனே, போலோன்யா பல்கலைக்கழகத்திலிருந்து லத்தீனை அரைகுறையாக உமிழும் தொத்தோரே, ஸ்பானிய மீசையோடு சவடால் விடும் கப்பித்தானோ, முகமூடியில்லாத காதலர்கள், அப்புறம் வேலைக்காரர்கள். வேலைக்காரர்களுக்குப் பொதுப்பெயர் ட்ஸான்னி. பெர்கமோ மலைப்பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வெனிஸுக்கு இறங்கிவந்து மூட்டை தூக்கிய ஆட்களின் சாயல் அது. அர்லெக்கினோவும் பிரிகெல்லாவும் அந்த வம்சம்தான். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள், அதனால் பாதிச் சிரிப்பு பேச்சிலிருந்தே வந்துவிடும்.

கதை தொய்வடையும் இடத்தில் நடிகர் கையிருப்பிலிருந்து ஒரு சின்ன வித்தையை எடுத்துவிடுவார். அதற்கு லாட்ஸோ என்று பெயர். மிகவும் புகழ்பெற்ற லாட்ஸோ ஈயைப் பற்றியது. பசியில் துடிக்கும் வேலைக்காரன் காற்றில் ஒரு ஈயைப் பார்க்கிறான். கண்ணாலேயே துரத்துகிறான், பதுங்குகிறான், பிடிக்கிறான். காதருகே வைத்து ரீங்காரம் கேட்கிறான். இறக்கையைப் பிய்க்கிறான், வாயில் போட்டு மெல்லுகிறான், கோழிக்கால் சாப்பிட்டவன் மாதிரி உதட்டைத் துடைத்துக்கொள்கிறான். மேடையில் ஈயும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த ஈயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

பெண்களை மேடையேற்றியதிலும் இந்தக் குழுக்கள் முந்திக்கொண்டன. 1564இல் ரோமில் போட்ட ஒரு ஒப்பந்தத்தில் லுக்ரேசியா என்ற பெண்ணின் பெயர் வருகிறது. ஷேக்ஸ்பியரின் லண்டனில் பையன்கள்தான் பெண் வேடம் கட்டினார்கள் என்பதை வைத்துப் பாருங்கள். ஜெலோசி குழுவின் இசபெல்லா அந்திரேயினி 1589இல் ஃப்ளாரன்ஸை ஆண்ட மெதிச்சி வீட்டுத் திருமணத்தில் பைத்தியம் பிடித்த காட்சியை நடித்துப் பேர் வாங்கினார். கவிதையும் நாடகமும் எழுதி அச்சிலும் கொண்டுவந்தார். 1604இல் பிரான்ஸிலிருந்து திரும்பும் வழியில் லியோனில் அவர் இறந்தபோது அந்த ஊரே மரியாதை செய்தது. பாரிஸில் இத்தாலியக் குழு ஒன்று பிரெஞ்சு நகைச்சுவை நாடகாசிரியர் மோலியேருடன் ஒரே அரங்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. 1697இல் பதினான்காம் லூயி அவர்களை விரட்டிவிட்டார், 1716இல் திரும்பக் கூப்பிட்டார்கள். இதெல்லாம் தனிக்கதை.

18ஆம் நூற்றாண்டில் கார்லோ கொல்தோனி வந்தார். வெனிஸ்காரர், தொழிலால் வக்கீல். ஒரே வித்தைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் முகமூடிகளை ஓரங்கட்டிவிட்டு எழுதிய வசனத்துக்கு நடிகர்களைப் பழக்கியவர். 1750-51 பருவத்தில் பதினாறு நகைச்சுவை நாடகங்கள் எழுதித் தருகிறேன் என்று சபதம் போட்டு எழுதியும் காட்டினார். அவருடைய 'லா லொகாந்தியேரா' என் கணக்கில் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த நகைச்சுவை. சத்திரம் நடத்தும் மிராந்தொலீனா என்ற பெண், பெண்களே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு திரியும் பிரபுவைத் தன் பின்னால் சுற்றவைக்கிறாள். சமையலும் அவளுடைய ஆயுதங்களில் ஒன்று.

ஆனால் பசி விஷயத்தில் பார்க்க வேண்டியது 'இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்'. 1745இல் சாக்கி என்ற நடிகர் கேட்டதற்காக எழுதியது. த்ருஃபால்தீனோ ஏன் இரண்டு பேரிடம் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்கிறான்? இரண்டு வேளை சாப்பாடு கிடைக்கும் என்றுதான். கதையின் சிக்கல் முழுக்க அந்த ஆசையிலிருந்து கிளம்புகிறது. ஒரு காட்சியில் பிரித்த கடிதத்தை மறுபடி ஒட்ட வேண்டும். மென்ற ரொட்டிதான் பசை. மெல்லுகிறான், தன்னை அறியாமல் விழுங்கிவிடுகிறான். இன்னொரு துண்டு, அதையும் விழுங்கிவிடுகிறான். இன்னொரு காட்சியில் மேசையில் எந்தப் பதார்த்தத்தை எங்கே வைப்பது என்று விளக்குவதற்காக, கையிலிருந்த, பெரிய தொகைக்கான உண்டியல் தாளை (காட்டிப் பணம் வாங்கும் பத்திரத்தை) துண்டு துண்டாகக் கிழித்துத் தரையில் பரப்புகிறான். இது சூப், இது கறி, இது நடுவில். எஜமானின் பணம் போயிற்று. அவன் கண்ணுக்குத் தெரிவது சாப்பாடு மட்டும்தான். அப்புறம் இரண்டு அறைகளில் இரண்டு எஜமானர்களுக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுகிறான், நடுநடுவே வாயில் போட்டுக்கொண்டு.

கொல்தோனியின் போட்டியாளர் கார்லோ கோட்ஸி மாயாஜாலக் கதைகளால் கூட்டத்தை இழுத்தார்; அந்தச் சண்டையில் சலித்துப்போய் 1762இல் கொல்தோனி பாரிஸுக்குப் போனார். அரசர் கொடுத்த ஓய்வூதியம் புரட்சியில் நின்றுபோனது. 1793 பிப்ரவரி 6 அன்று வறுமையில் இறந்தார். மறுநாள் பிரெஞ்சு சட்டமன்றம் அவருடைய ஓய்வூதியத்தைத் திருப்பித் தரத் தீர்மானம் போட்டது. அவரே எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள்.

'இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்' நாடகத்துக்கு இரண்டாவது உயிர் 1947இல். போரில் நொறுங்கிக் கிடந்த மிலான் நகரத்தில் ஜோர்ஜோ ஸ்ட்ரேலரும் பாவ்லோ கிராசியும் 'பிக்கோலோ தியாத்ரோ'வைத் தொடங்கினார்கள். அந்த வருடமே இந்த நாடகத்தை மேடையேற்றினார்கள், த்ருஃபால்தீனோவுக்கு அங்கே அர்லெக்கினோ என்று பெயர். முதல் அர்லெக்கினோவாக நடித்த மார்ச்செல்லோ மொரேத்திக்கு முகமூடியே பிடிக்கவில்லை. முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு நடித்தார். பதுவைச் சிற்பி அம்லேத்தோ சர்தோரி தோல் முகமூடி செய்யும் பழைய கலையை மீட்டெடுத்துக் கொடுத்த பிறகுதான் போட்டுக்கொண்டார். அவர் 1961இல் இறக்க, ஃபெருச்சோ சொலேரி அந்த இடத்துக்கு வந்தார். 2018 வரை, எண்பத்தெட்டு வயதிலும், அந்த முகமூடிக்குள் குட்டிக்கரணம் போட்டார். அந்த ஈயையும் மேடையில் பிடித்துத் தின்றார்.

அடுத்தது நாடகக்காரர் தாரியோ ஃபோவின் 'மிஸ்தேரோ பூஃபோ', 1969. மேடையில் ஒரே ஆள், கறுப்புச் சட்டை, வேறு ஒன்றும் கிடையாது. அதில் ட்ஸான்னியின் பசி என்றொரு பகுதி. பசித்தவன் கற்பனையில் தன் உடம்பையே பிய்த்துத் தின்கிறான். அதுவும் போதாமல் பெரிய அண்டா வைத்து ஒரு விருந்தே சமைக்கிறான். விழித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை, அழுகிறான். அப்போது ஒரு ஈ வருகிறது. இது எங்கிருந்து வந்தது என்று மெனேகோவைத் தெரிந்த உங்களுக்கு இப்போது சொல்ல வேண்டியதில்லை. 1997இல் நோபல் பரிசு உரையிலேயே ஃபோ ருசாந்தேயைத் தன் ஆசான் என்று அறிவித்தார். மேடையில் அவர் அவிழ்த்துவிடும் வரலாற்றையெல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள், தேவைக்குத் தகுந்தபடி வளைப்பார். நடிப்பில் மட்டும் வளைவே இருக்காது. அவர் மனைவி ஃபிராங்கா ராமே ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த 1545 ஒப்பந்தக்காரர்களின் வாழ்க்கையை நேரில் வாழ்ந்தவர் என்றே சொல்லலாம்.

சரி, கவிதை. தாந்தே என்றால் நரகமும் இறுக்கமான முகமும்தான் நினைவுக்கு வரும். இளவயதில் அவரும் அவர் நண்பர் ஃபொரேசே தொனாத்தியும் சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதைகளில் ஒருவரையொருவர் வசைபாடிக்கொண்டார்கள். உன் மனைவி நடு ஆகஸ்டிலும் படுக்கையில் இருமுகிறாளே என்று தாந்தே ஆரம்பிக்கிறார். கௌதாரிக்கறி தின்றே கடனில் முழுகப்போகிறாய் என்கிறார். பிறகு ஃபொரேசே இறந்துபோனார். பல வருடம் கழித்து எழுதிய பெருங்காப்பியத்தில், தீனிப்பண்டாரங்கள் பட்டினியால் தண்டிக்கப்படும் இடத்தில் தாந்தே அவரைச் சந்திக்கிறார். எலும்பும் தோலுமாக, கண்குழி கல் விழுந்துபோன மோதிரம் போல. குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிகிறது. நையாண்டி செய்த அதே தின்னிக்காக இங்கே அழுகிறார். அதே காப்பியத்தின் நரகப் பகுதியில் பிசாசுகளின் படை புறப்படும்போது தலைவன் பின்புறத்தால் எக்காளம் ஊதுகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகங்கள் மெதுவாகத் தாண்டிப் போகும் வரி.

தாந்தே காலத்திலேயே சியேனாவில் செக்கோ அஞ்சொலியேரி என்றொரு கவிஞர். பெண், சாராயக்கடை, சூதாட்டம் மூன்றும் போதும், ஆனால் அப்பா காசு தரமாட்டேன் என்கிறாரே என்று புலம்பும் சானெட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் லூயிஜி புல்ச்சியின் 'மொர்காந்தே' வந்தது. அதில் மர்குத்தே என்ற அரைப்பூதத்திடம், நீ கிறிஸ்தவனா முஸ்லிமா என்று கேட்கிறார்கள். வேகவைத்ததோ வறுத்ததோ, சேவல்கறியை நம்புகிறேன் என்று ஆரம்பித்து விசுவாசப் பிரமாணம் மாதிரி ஒரு சாப்பாட்டுப் பட்டியல் சொல்கிறான். அவன் எப்படிச் சாகிறான் தெரியுமா? ஒரு குரங்கு அவன் பூட்ஸை மாட்டிக் கழற்றி விளையாடுவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே வெடித்துச் சாகிறான். மாந்துவா பக்கத்துத் துறவி தெயோஃபிலோ ஃபொலெங்கோ 1517இல் வெளியிட்ட 'பால்துஸ்' காவியத்தில் லத்தீன் இலக்கணத்துக்குள் உள்ளூர்ச் சொல்லைத் திணித்து ஒரு பாஷை செய்தார். காவியம் என்றால் கலைத்தேவதையை அழைக்க வேண்டுமே? அவர் அழைப்பது தொந்தி வளர்க்கும் தேவதைகளை. துருவிய பாலாடைக்கட்டி மலையில் உட்கார்ந்து அவர்கள் கவிஞருக்கு மக்ரோனி ஊட்டுகிறார்கள். இந்தப் பாலாடைக்கட்டி மலை அவர் கண்டுபிடிப்பு இல்லை. 14ஆம் நூற்றாண்டிலேயே பொக்காச்சோவின் கதையொன்றில் ஒரு முட்டாளை ஏமாற்ற இதே மலையைத்தான் காட்டுகிறார்கள்.

மாந்துவா என்றதும் ஒரு குறுக்குப் பேச்சு. அந்த வட்டாரத்துக் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த ஒருவர் பாதிரியாராகித் தமிழ்நாடு வந்து 'பரமார்த்த குருவின் கதை' எழுதினார். ஆமாம், வீரமாமுனிவர்தான். அந்தக் கதையை இத்தாலிய மரபின் கிளை என்று நான் கட்சி கட்டவில்லை. தமிழ் உரைநடையின் முதல் நகைச்சுவைக் கதையைத் தந்தவர் எந்த மண்ணிலிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்வதில் ஒரு சின்னச் சந்தோஷம், அவ்வளவுதான்.

கவிதையில் நான் முதலிடம் தருவது ரோம் நகரத்து ஜுசேப்பே பெல்லிக்கு (1791-1863). போப்பின் ஆட்சியில் அரசு வேலை பார்த்துக்கொண்டே, ரோமின் தெருப்பேச்சில் 2279 சானெட்டுகள் எழுதினார். கசாப்புக்கடைக்காரன், வேசி, வண்டிக்காரன், பிச்சைக்காரன் எல்லோரும் அதில் பேசுவார்கள், போப்பைப் பற்றியும் பேசுவார்கள். பயந்துபோய் எரித்துவிடச் சொல்லி ஒப்படைத்தார். ஒப்படைக்கப்பட்டவர் ஒரு மதகுரு, அவர் எரிக்கவில்லை. பெல்லி பிற்காலத்தில் தணிக்கை அதிகாரியாகவும் இருந்தார் என்பது இன்னொரு கூத்து. அவருடைய சானெட் ஒன்றில் காபிக்கடைக்காரன் தத்துவம் பேசுகிறான். மனிதர்கள் அரவையில் போட்ட காபிக்கொட்டைகள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், பெரியது சின்னதை நெருக்கும், எல்லாம் ஒரே இரும்பு வாயை நோக்கிச் சுற்றிச் சுற்றிப் போகும். கடைசி வரியில் எல்லோரும் சாவின் தொண்டைக்குள் விழுகிறார்கள். இதுவரை பசித்தவர்கள் மனிதர்கள். இங்கே பசித்திருப்பது சாவு.

அதே ரோமில் பிறகு வந்த த்ரிலூசா (1871-1950) லேசான கை. ஆளுக்கு வருடம் ஒரு கோழி கிடைப்பதாகப் புள்ளிவிவரம் சொல்கிறதாம். உனக்குக் கிடைக்கவில்லையா, அப்படியானால் வேறொருவன் இரண்டு தின்றிருக்கிறான் என்கிறது அவர் கவிதை. இத்தாலியில் பட்ஜெட் விவாதம் வந்தால் இன்றைக்கும் யாராவது இதை எடுத்துவிடுவார்கள்.

இப்போது நேப்பிள்ஸ். அங்கே வெள்ளை அங்கியும் கறுப்பு அரைமுகமூடியுமாகப் புல்ச்சினெல்லா கோலோச்சினான், மக்ரோனிப் பைத்தியம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எதுவார்தோ ஸ்கார்ப்பெத்தா அவனை ஒதுக்கிவிட்டு, முகமூடியில்லாத ஃபெலீச்சே என்ற நடுத்தெரு மனிதனைக் கொண்டுவந்தார். 1888இல் மேடையேறிய 'மிசேரியா எ நொபில்தா' நாடகத்தில் ஒரே வீட்டில் ஒண்டிக்கிடக்கும் இரண்டு பட்டினிக் குடும்பங்களை ஒரு பணக்கார இளைஞன் தன் பிரபு உறவினர்களாக நடிக்கக் கூப்பிடுகிறான். இதை 1954இல் படமாக எடுத்தபோது ஃபெலீச்சேயாக வந்தவர் தொத்தோ. நேப்பிள்ஸின் சனீதா என்ற ஏழைப் பேட்டையில் 1898இல் பிறந்தவர், பின்னாளில் ஒரு பிரபுவால் தத்தெடுக்கப்பட்டு இளவரசர் பட்டத்துக்காக நீதிமன்றம் ஏறியவர். பட்டினி, பிரபுத்துவம் இரண்டையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. வீட்டில் எல்லோரும் பசியில் சண்டை போட்டு ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு திறக்கிறது. சமையல்காரர்கள் வரிசையாக வந்து மேசை போட்டு, ஆவி பறக்கும் ஸ்பகெத்தியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் பேசவில்லை. நம்பவும் இல்லை. நாற்காலியை இம்மி இம்மியாக நகர்த்தி மேசையை நெருங்குகிறார்கள். அப்புறம் ஒரே பாய்ச்சல். கரண்டி கிரண்டி எதுவும் இல்லை, பத்து விரலும் பாத்திரத்தில். தொத்தோ மேசைமேல் ஏறிக்கொண்டு தலையை அண்ணாந்து தின்கிறார், தின்றபடியே ஆடுகிறார், ஆடிக்கொண்டே கோட்டுப் பையில் ஸ்பகெத்தியைத் திணிக்கிறார். நாளைக்கு! இத்தாலிய நகைச்சுவையில் ஒரே ஒரு நிமிடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் காட்டுவேன். அதே 1954இல் இன்னொரு ஸ்பகெத்திக் காட்சியும் வந்தது. அமெரிக்கனாக ஆசைப்படும் ரோம் இளைஞனாக ஆல்பெர்தோ சோர்தி, மக்ரோனியைத் தள்ளிவைத்துவிட்டு ரொட்டியில் ஜாம், கடுகு, பால் எல்லாம் கலந்து ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, மக்ரோனித் தட்டின் மேல் பாய்கிறான். தள்ளிவைக்கிற அளவுக்காவது சாப்பாடு வந்துவிட்டது, கவனியுங்கள்.

ஸ்கார்ப்பெத்தாவுக்கு முறைப்படியில்லாத உறவில் பிறந்த மகன் எதுவார்தோ தெ ஃபிலிப்போ. போர் இன்னும் முடியாத 1945 மார்ச்சில் அவர் அரங்கேற்றிய 'நாப்பொலி மிலியோனாரியா!'வில் ஒரு வீடு கள்ளச்சந்தையில் உணவுப்பொருள் விற்கிறது. போலீஸ் சோதனைக்கு வருகிறது என்றதும் வீட்டுத் தலைவன் ஜென்னாரோ பிணம் மாதிரிக் கட்டிலில் படுத்துக்கொள்கிறான், சுற்றி எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். சரக்கு முழுக்கக் கட்டிலுக்கு அடியில். வந்த அதிகாரிக்கு விஷயம் தெரியும். நானும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறார். அந்த நேரம் பார்த்து விமானக் குண்டுவீச்சு. எல்லோரும் ஓடுகிறார்கள், 'பிணம்' மட்டும் அசையவில்லை. கைது செய்யமாட்டேன், எழுந்திரு என்று அதிகாரி வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுந்திருக்கிறான். கட்டிலுக்கு மேலே பொய்ச்சாவு, கீழே காபியும் சர்க்கரையும், வெளியே நிஜச்சாவு. உங்கள் கேள்விக்கான பதில் அந்த ஒரு கட்டிலிலேயே இருக்கிறது.

இதிலிருந்து 1958க்கு ஒரு எட்டுதான். மாரியோ மொனிச்செல்லியின் 'இ சொலிதி இஞோத்தி'யில் ரோமின் வெட்டி ஆட்கள் சிலர் அடகுக்கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். பெட்டகம் உடைக்கும் வித்தையை மொட்டைமாடியில் வைத்துப் பாடம் நடத்தும் கிழட்டு வாத்தியார் தொத்தோ. அதுவரை மேடையில் சோக நாயகனாகவே பெயர் பெற்ற வித்தோரியோ காஸ்மனை முகத்தை மாற்றித் திக்குவாயாக நடிக்கவைத்தார் மொனிச்செல்லி. கூட்டத்தில் ஒருவன் டிராமில் அடிபட்டுச் செத்துப்போகிறான். கதை நிற்பதில்லை. ராத்திரி முழுக்கச் சுவரை இடித்துப் பார்த்தால் அது அடகுக்கடைச் சுவரே இல்லை, அதே வீட்டுச் சமையலறை. அடுப்பில் கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா இருக்கிறது. என்ன செய்ய, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உங்கள் 'லா கிராந்தே குவேரா' அடுத்த வருடம், அதே மொனிச்செல்லி. சோர்தியும் காஸ்மனும் படம் முழுக்க உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாக் கோழைத்தனமும் செய்கிறார்கள். எதிரி கையில் மாட்டியபின்னும் ரகசியத்தைச் சொல்லித் தப்பிக்கத் தயார். அப்போது ஆஸ்திரிய அதிகாரி ஒரு கேலி செய்கிறார். இத்தாலிய வழக்கில் ஈரல் என்றால் துணிச்சலும்கூட. இவர்களுக்குத் தெரிந்த ஈரல் வெங்காயம் போட்டு வதக்கும் வெனிஸ் ஈரல் மட்டும்தான் என்கிறார். காஸ்மனுக்குச் சுருக்கென்று படுகிறது, திட்டித் தீர்த்துச் சுடப்பட்டுச் சாகிறான். தாய்நாட்டுக்காகச் செத்தான் என்று சொல்ல முடியாது, ஒரு சமையல் கேலிக்காகச் செத்தான். அவர்கள் மறுபடியும் நழுவிவிட்டார்கள் என்றே அவர்களுடைய கேப்டன் நினைத்துக்கொள்கிறார். சோகமான விஷயத்தைச் சிரிப்பாகச் சொல்வதுதான் எங்கள் காமெடி என்று மொனிச்செல்லி பேட்டிகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். ருசாந்தேயின் சிரிப்பு நினைவிருக்கிறதா?

தீனோ ரீசியின் 'இல் சொர்பாசோ' (1962) வேறு ஜாதி. அது பசி தீர்ந்த இத்தாலியின் படம். பொருளாதாரம் எகிறிய காலம், ஆகஸ்ட் விடுமுறையில் காலியான ரோம், ஒரு லான்சியா கார். காஸ்மனுக்கு இப்போது வேண்டியது சாப்பாடு இல்லை. வேகம், பெண்கள், முந்திச்செல்லும் சுகம். கூட வந்த கூச்ச சுபாவமுள்ள மாணவன் மலைச்சரிவில் விழுந்து சாகிறான். போலீஸ் கேட்கும்போது அவனுடைய முழுப்பெயர்கூட காஸ்மனுக்குத் தெரியவில்லை, நேற்றுக் காலையில்தான் பழக்கம். பட்டினிக்காரர்கள் செத்தபோது, செத்தவன் யார் என்றாவது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே அதுகூட இல்லை. இந்தப் படத்தின் முடிவு இவ்வளவு உறைப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பிறகு வந்தவற்றில் ஃபந்தோட்ஸி படங்களில் அலுவலகக் குமாஸ்தாவுக்கு மிஞ்சிய ஒரே இன்பம் டிவியில் கால்பந்து, குளிர்ந்த பீர், பெரிய வெங்காய ஆம்லெட். அதையும் மேலதிகாரி பிடுங்கிவிடுகிறார். பெனீனியின் 'லா வீத்தா எ பெல்லா'வை (ஆங்கிலத்தில் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்', 1997) நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் பாதியில் அவர் யார்? ஹோட்டல் சர்வர். சமையலறை மூடிய பிறகு வந்த விருந்தாளிக்கு, யாரோ தொடாமல் விட்டுப்போன தட்டையே அவர் வாயால் கேட்கவைத்துப் பரிமாறுகிறார். த்ருஃபால்தீனோவின் நேர் வாரிசு. அவரும் கடைசியில் சுடப்படுகிறார், மகன் சிரிக்க வேண்டும் என்று பொம்மை மாதிரி நடந்து காட்டிவிட்டு.

எங்கிருந்து தொடங்குவது என்றால், முதலில் 'இ சொலிதி இஞோத்தி'. அடுத்தது 'மிசேரியா எ நொபில்தா'. பேச்சு அதிகம், சப்டைட்டில் ஓட்டமாக ஓடும், ஸ்பகெத்திக் காட்சிக்கு மட்டும் சப்டைட்டில் தேவையில்லை. ஸ்ட்ரேலரின் அர்லெக்கினோ நாடகத்துக்கும் ஃபோவின் தனிநடிப்புக்கும் ஒளிப்பதிவுகள் இருக்கின்றன. பாஷை புரியாவிட்டாலும் உடம்பே பேசிவிடும். பெல்லியை மொழிபெயர்ப்பில் படித்தால் பாதி போய்விடும். ஆனாலும் ஆந்தனி பர்ஜஸ் ஆங்கிலத்தில் செய்தவை பரவாயில்லை. தொத்தோ எழுதிய 'ஆ லிவெல்லா' என்ற நேப்பிள்ஸ் பேச்சுக் கவிதையையும் தேடிப் பாருங்கள். கல்லறைத் திருநாளன்று இடுகாட்டில் மாட்டிக்கொண்ட ஒருவன் முன்னால் இரண்டு ஆவிகள் சண்டை போடுகின்றன: ஒன்று பிரபு, மற்றது குப்பை அள்ளியவர். உன் நாற்றமடிக்கும் பிணத்தை எப்படி என் பக்கத்தில் புதைக்கலாம் என்கிறார் பிரபு. குப்பைக்காரர் முதலில் பணிவாகத்தான் பதில் சொல்கிறார், கொஞ்ச நேரத்துக்கு.